இரண்டு பெரட்டுக் களங்கள்

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், "எங்கேயாவது போய் வரலாமா அப்பா?" என்று கேட்டேன். கேமரன் மலை என்பார், இல்லாவிட்டால் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் என்பார் என்று எதிர்பார்த்தேன். எண்பது வயதைத் தாண்டிவிட்ட அப்பா சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "சுங்கைப் பட்டாணிக்குப் போவோம்மா. கூர்க்கா கேம்ப்பு இருந்த எடத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

சுங்கைப் பட்டாணியில் கூர்க்காக்களா என்று இளைய நேயர்கள் வியக்கக்கூடும். 1951 முதல் 1971 வரை, இருபது ஆண்டுக் காலம், பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்த கூர்க்கா இளைஞர்களைப் படைவீரர்களாக்கிய பயிற்சிப் பாசறை கெடா மாநிலத்தின் இந்த ஊரில்தான் இருந்தது. கூர்க்காப் படையணியின் பயிற்சி டிப்போ என்பது அதன் பெயர். அந்தப் பாசறையின் டோபிக் கொட்டகையில் 1958ஆம் ஆண்டு, பதினாறு வயதுப் பையனாக, அப்பா வேலைக்குச் சேர்ந்தார். டிப்போ மூடப்படும் வரை அங்கேதான் இருந்தார். அதன் பிறகுதான் பேராவுக்கு வந்து பால்மரம் சீவத் தொடங்கினார். நான் பிறந்தது தோட்டத்தில். ஆகவே அப்பாவின் இளமைக்காலம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே.

தைப்பிங்கில் மின்சார இரயில் ஏறினோம். பாரிட் புந்தாரின் வயல்களையும் புக்கிட் மெர்தாஜாமையும் கடந்து சென்றோம். மூடா ஆற்றைத் தாண்டியதும் அப்பா சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். வலமும் இடமும் மாறி மாறிப் பார்த்தார். சற்று நேரத்தில் வடக்கே நீலமாக ஜெராய் மலை தெரிந்தது. "மாறாம இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, சுற்றிலும் தாழ்ந்த நிலமாக இருப்பதால் இன்னும் உயரமாகத் தோன்றுகிறது. நேப்பாளத்து மலைகளை விட்டு வந்த பையன்கள் இந்த மலையைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்களா, ஏக்கம் கொண்டார்களா என்று எண்ணிக்கொண்டேன்.

படை கண்ட மண்

படை என்பது கெடா மண்ணுக்குப் புதிதன்று. இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் வந்து வென்ற கடாரம் இதுவே என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் இன்றும் உள்ளன. அவற்றைப் பற்றி இத்தகைய பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது நம் தாத்தா பாட்டி காலத்துச் செய்தி.

சுங்கைப் பட்டாணியில் பிரிட்டிஷ்காரர்களின் விமானத் திடல் ஒன்று இருந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆவது ஸ்குவாட்ரனும் பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆவது ஸ்குவாட்ரனும் அப்போது அங்கே இருந்தன. தரையில் நின்ற விமானங்கள் பல, மேலே எழும்பும் முன்பே அழிந்துபோயின.

அந்த நாள்களிலேயே கூர்க்காக்களின் இரத்தம் கெடாவில் சிந்தியது. இந்திய இராணுவத்தின் 28ஆவது காலாட்படைப் பிரிகேட்டில் மூன்று கூர்க்காப் பட்டாளங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று டிசம்பர் 11ஆம் நாள் ஜித்ராவுக்கு வடக்கே ஆசுன் என்னுமிடத்தில், கொட்டும் மழையில், ஜப்பானிய டாங்கிகளுக்கு முன்னால் சிதறிப்போனது. அடுத்த சில நாள்களில் குரூணில் சண்டை. சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே அடுத்த இரயில் நிலையம்தான் குரூண். அங்கிருந்து பின்வாங்கிய அப்பட்டாளங்கள் 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் மீண்டும் பேரழிவைச் சந்தித்தன. பத்தே ஆண்டுகளில், அதே கெடாவுக்கு, அதே மலைச்சாதி இளைஞர்கள் பயிற்சிக்காக வந்து இறங்கினார்கள். அவர்களுள் சிலருடைய தகப்பன்மார் இங்கே போரிட்டவர்களாகவும் இருந்திருக்கலாம்.

நால்வர் வந்த கதை

கூர்க்காக்கள் ஏன் மலாயாவுக்கு வந்தார்கள்? அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். நேப்பாளத்தோடு 1814 முதல் 1816 வரை போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, எதிரியின் வீரத்தைக் கண்டு வியந்து, போர் முடியும் முன்பே 1815இல் அவர்களைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. இந்தியா விடுதலை பெற்றபோது பத்துக் கூர்க்கா ரெஜிமெண்டுகள் இருந்தன. சொத்துப் பிரிவினை போல அவையும் பிரிக்கப்பட்டன. பிரிட்டன், இந்தியா, நேப்பாளம் ஆகிய மூன்று நாடுகளும் 1947 நவம்பரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆறு ரெஜிமெண்டுகள் இந்தியாவிடமே தங்கின. 2, 6, 7, 10 ஆகிய எண்களைக் கொண்ட நான்கும் 1948 ஜனவரி முதல் நாளில் பிரிட்டிஷ் இராணுவத்திற்கு மாறின. ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் இரண்டு பட்டாளம், ஆக எட்டுப் பட்டாளங்கள். அவற்றுக்கு மலாயாவே இருப்பிடம் ஆயிற்று.

வந்து நிலைகொள்ளவும் நேரம் கிடைக்கவில்லை. 1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டுப் பட்டாளங்களுமே நம் காடுகளிலும் தோட்டங்களிலும் சுற்றின. சிரம்பானில் 17ஆவது கூர்க்கா டிவிஷனின் தலைமையகம் இருந்தது. குளுவாங்கில் கூர்க்கா பொறியியல் படை உருவாயிற்று. தகவல் தொடர்புப் படையும் போக்குவரத்துப் படையும்கூட உருவாயின. இத்தனைக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புதிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை ஒரே இடத்தில் வைத்துப் பழக்குவதற்கென்றே சுங்கைப் பட்டாணி டிப்போ 1951இல் அமைந்தது.

அந்தக் காலத்தைத் தோட்டத்து மக்கள் இன்பமாக நினைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முள்வேலி, ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, நள்ளிரவுச் சோதனை. காட்டில் இருப்பவனுக்கு அரிசி கொடுத்தால் ஒரு குற்றம், கொடுக்காவிட்டால் இன்னோர் ஆபத்து. "துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தாலும் நமக்குப் பயந்தான்" என்று என் அப்பாயி சொல்வாராம். மகன் பட்டாளத்துக் கேம்ப்புக்கு வேலைக்குப் போகிறான் என்றதும் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாராம்.

கங்காணியும் கல்லாவாலாவும்

இந்தப் பையன்களை நேப்பாளத்திலிருந்து யார் அழைத்து வந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நமக்கு ஒரு கங்காணி இருந்தது போலவே அவர்களுக்கு ஒரு கல்லாவாலா இருந்தான். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அந்த ஆள் மலைக் கிராமங்களுக்குப் போவான். திடகாத்திரமான பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவான். தான் பார்த்த நாடுகளைப் பற்றியும் வாங்கிய சம்பளத்தைப் பற்றியும் சொல்லி அவர்களைத் தேர்வு நிலையத்திற்கு அழைத்து வருவான். நம் கங்காணியும் ஜரிகைத் தலைப்பாகையோடு சேலத்திலும் தஞ்சையிலும் அதைத்தானே செய்தார்?

மேற்கு நேப்பாளத்துக் குருங், மகர் இனத்தார் 2, 6ஆம் ரெஜிமெண்டுகளுக்கும், கிழக்கு நேப்பாளத்து ராய், லிம்பு இனத்தார் 7, 10ஆம் ரெஜிமெண்டுகளுக்கும் பெரும்பாலும் எடுக்கப்பட்டார்கள். கோரக்பூருக்கு அருகிலும் டார்ஜிலிங்கிலும் இருந்த தேர்வு நிலையங்களுக்கு மலைவழியே பல நாள் நடந்து வருவார்களாம். பிற்காலத்தில் அந்நிலையங்கள் நேப்பாளத்துக்குள்ளேயே தாரானிலும் பக்லிஹாவாவிலும் அமைந்தன. தேர்வில் தேறியவர்கள் இரயிலில் கல்கத்தா சென்று அங்கிருந்து கப்பலேறினார்கள். அதுவரை கடலையே கண்டிராதவர்கள்! நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிய நம்மவர்களைப் போலவே அவர்களும் வாந்தியும் மயக்கமுமாய் வந்து சேர்ந்தார்கள்.

வந்த இடத்திலும் ஒற்றுமை முடியவில்லை. அவர்கள் தங்கிய வரிசை வீடுகளுக்கு லைன்ஸ் என்று பெயர், நம் வீடுகளுக்கும் லைன்தான். காலையில் அவர்கள் கூடிய அணிவகுப்புக்குப் பரேட் என்று பெயர். விடியற்காலை மணியடித்ததும் தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கிறார்களே, அதை நாம் பெரட்டு என்கிறோம். பரேட் என்ற சொல்லே நம் வாயில் பெரட்டு ஆயிற்று என்பார்கள். ஒரே எசமான் இரண்டு கூட்டத்தை இரண்டு துறைமுகங்களிலிருந்து ஏற்றி வந்து, ஒரே மாதிரி வீட்டில் குடிவைத்து, ஒரே பெயரில் மணியடித்து எழுப்பினான். ஒருவன் கையில் துப்பாக்கி, இன்னொருவன் கையில் பால்வாளி.

டோபி கண்ட பயிற்சி

டிப்போவில் பயிற்சி ஏறத்தாழப் பத்து மாதம். அது எப்படி நடந்தது என்பதை நூல்களில் படிக்கலாம். ஆனால் அப்பா சொல்லும் விதம் தனி. "துணியப் பாத்தே எத்தனாவது மாசம்னு சொல்லிடுவேன்" என்பார்.

முதல் சில வாரம் வரும் சட்டைகளில் கழுத்துப் பட்டை மட்டும்தான் அழுக்காக இருக்குமாம். உடை தொளதொளவென்று பொருந்தாமல் இருக்கும், பையன்கள் வெயிலில் நின்று நின்று வேர்த்திருப்பார்கள். அது நடைபயிற்சிக் காலம். பூட்ஸ் போட்டு நடக்கப் பழகுவதே பலருக்குப் பெரிய பாடு. அதுவரை வெறுங்காலில் மலையேறிய கால்கள் அல்லவா?

இரண்டு மூன்று மாதத்தில் முழங்கையிலும் முட்டியிலும் செம்மண் அப்பியிருக்கும். அது துப்பாக்கிப் பயிற்சிக் காலம். முதலில் லீ என்ஃபீல்டு ரைபிள், பிரென் துப்பாக்கி. அப்பா சேர்ந்த சில ஆண்டுகளில் எஸ்.எல்.ஆர். என்ற புதிய ரைபிள் வந்தது. படுத்துச் சுடவும் தவழ்ந்து போகவும் கற்ற துணிகளில் அந்தச் செம்மண் கறையை எடுக்க, கல்லில் எத்தனை அடி அடித்தாலும் போதாதாம்.

பிறகு ஒருநாள் மூட்டை மூட்டையாக ஈரத்துணி வரும். கால்சட்டையின் கீழ்ப்பகுதியிலும் காலுறையிலும் வட்ட வட்டமாக இரத்தக் கறை இருக்கும். அட்டைக் கடி! காட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். பாதை தெரியாத காட்டில் சத்தமின்றி நடப்பது, கால் தடம் பார்ப்பது, பதுங்கியிருப்பது, மழையில் குடில் கட்டுவது எல்லாம் அந்தக் காலத்தில் கற்றவை.

கடைசி மாதத்தில் அப்பாவுக்கு உறக்கமே இருக்காது. பயிற்சி நிறைவு அணிவகுப்புக்காகச் சட்டைக்கும் கால்சட்டைக்கும் கஞ்சி போட வேண்டும். வடித்த கஞ்சியில் தோய்த்து, காய வைத்து, தண்ணீர் தெளித்து, கரிப்பெட்டியால் தேய்த்தால் கால்சட்டை தானாகவே தரையில் நிற்க வேண்டும். மடிப்பு இரண்டாக விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அணிவகுப்பின்போது ஓர் உறுதிமொழி எடுப்பார்கள். கசம் கானே என்று அதற்குப் பெயர். நேப்பாளி மொழியில் சத்தியம் செய்வதைச் "சத்தியம் உண்பது" என்று சொல்வார்களாம். உண்ட சத்தியத்தைத் துப்ப முடியாது என்று அப்பாவே அதற்கு விளக்கமும் சொன்னார்.

அமைப்பைப் பொறுத்தவரை, டிப்போவின் தலைவர் லெப்டினண்ட் கர்னல் பதவியில் உள்ள பிரிட்டிஷ் அதிகாரி. இராணுவக் காலாட்படை எங்கும் உள்ளது போலப் பத்துப் பேர் சேர்ந்தது ஒரு செக்சன். மூன்று செக்சன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி. பயிற்சி கொடுப்பவர்கள் நான்கு ரெஜிமெண்டுகளிலிருந்தும் வந்த அனுபவம் மிக்க கூர்க்காக்கள். யார் எந்த ரெஜிமெண்ட் என்பது தொப்பிச் சின்னத்திலேயே தெரியும். இரண்டாவதற்கு இறகுகள், ஆறாவதற்கும் ஏழாவதற்கும் குறுக்கிட்ட குக்ரிகளோடு எண், பத்தாவதற்கு ஊதுகொம்பும் குக்ரியும். பிரிட்டிஷ் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இடையே கூர்க்கா அதிகாரிகள் என்று ஒரு தனிப் படி இருந்தது. இந்தியக் காலத்து ஜமேதார், சுபேதார் பதவிகளின் தொடர்ச்சி அது. அதன் உச்சியில் இருப்பவர் கூர்க்கா மேஜர். நம் தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே பெரிய கிராணி நின்றது போல என்று அப்பா ஒப்பிட்டார். ஒரு வித்தியாசம், பிரிட்டிஷ் அதிகாரிகள் நேப்பாளி மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும். நம் துரைகளும் தமிழ் கற்றார்கள்தான், ஆனால் பெரும்பாலும் ஏவுவதற்கும் ஏசுவதற்கும் போதுமான அளவு!

படையில் பண்டிதர் ஒருவரும் இருந்தார். நம் சரசுவதி பூசை, விசயதசமி நாள்களில் அவர்களுக்குத் தசைன் பெருவிழா. இரவெல்லாம் மாதலம் கொட்டிப் பாடி ஆடுவார்கள். ஆயுதங்களை வைத்துப் பூசிப்பார்கள். ஆயுத பூசையன்று டோபிக் கொட்டகையில் இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "உங்களுக்குமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர்தான் தாஜு.

தாஜுவின் நோட்டுப் புத்தகம்

தாஜு என்றால் நேப்பாளியில் அண்ணன். அவர் ராய் இனத்தைச் சேர்ந்தவர். 1958இல், அப்பா வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டில், பயிற்சிக்கு வந்தவர். அவர் அப்பாவை "பாய்" என்று அழைப்பார், தம்பி என்று பொருள். அதைக் கேட்ட லயத்து ஆட்கள் அப்பாவை "பாய், பாய்" என்று முசுலீமாக்கிக் கேலி செய்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

டிப்போவுக்குள் ஒரு பள்ளிக்கூடமும் நடந்தது என்பது ஆசிரியையான எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மலைக் கிராமத்திலிருந்து வந்த பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே துப்பாக்கியோடு சேர்த்துக் கணக்கும் எழுத்தும் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தார்கள். நேப்பாளி மொழியையே ஆங்கில எழுத்தில் எழுதப் பழக்கினார்கள். படிப்புச் சான்றிதழ் இல்லாமல் மேல் பதவிக்குப் போக முடியாது. படைவீரர்களின் பிள்ளைகளுக்கென்று சிறுவர் கம்பெனி ஒன்றும் இருந்தது.

பயிற்சிக் காலத்தில் அன்றன்று படித்ததைத் தாஜு மாலையில் டோபிக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாவிடம் ஒப்பிப்பார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பா, அப்படித்தான் ஆங்கில எழுத்தைக் கற்றார். பதிலுக்குத் தமிழில் ஒன்று இரண்டு சொல்லிக்கொடுத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருவரும் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். எக், துய், தீன், சார், பாஞ்ச். பக்கத்திலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் ஆங்கில எழுத்தில், பென்சிலில். அது இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

தாஜு பயிற்சி முடிந்து 7ஆம் ரெஜிமெண்டுக்குப் போனார். மூன்று ஆண்டு வேலை, பிறகு ஆறு மாத விடுப்பில் நேப்பாளம், மறுபடி மூன்று ஆண்டு என்பது அவர்கள் வழக்கம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நடந்த எதிர்ப்புப் போரின்போது அவர் போர்னியோக் காடுகளில் இருந்தார். 1965 நவம்பர் 21ஆம் நாள் சரவாக்கின் பாவ் பகுதி எல்லையில், 10ஆம் ரெஜிமெண்டின் ராம்பகதூர் லிம்பு குண்டு மழைக்கிடையே தம் தோழர்களை ஒவ்வொருவராய்த் தூக்கி வந்து விக்டோரியா கிராஸ் பெற்ற போர் அதுதான். அந்த வீரர் 2023இல் காலமானார். போர் முடிந்து, 1966இல் தாஜு கார்ப்பரலாக, பயிற்சி கொடுப்பவராக, மீண்டும் சுங்கைப் பட்டாணிக்கே வந்தார். "அதே கொட்டகைக்கு அதே சிரிப்போட வந்து நின்னாரும்மா" என்றார் அப்பா.

இரண்டு கூட்டமும் கலைந்த ஆண்டுகள்

போர் முடிந்ததும் இத்தனை ஆட்கள் எதற்கு என்ற கேள்வி இலண்டனில் எழுந்தது. 14,000க்கும் மேல் இருந்த கூர்க்காப் படையை ஏறத்தாழப் பாதியாக்குவது என்று முடிவாயிற்று. 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன், 1971 முடிவதற்குள் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படைகள் திரும்பும் என்று அறிவித்தார். ஆட்குறைப்புப் பட்டியல்கள் பட்டாளம் பட்டாளமாக வந்தன. பதினைந்து ஆண்டு பணி செய்தவனுக்கே ஓய்வூதியம். அதற்குக் குறைந்தவனுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

1969இல் தாஜுவின் பெயரும் வந்தது. பதினொரு ஆண்டுப் பணி. நான்கு ஆண்டு குறைவு.

அதே ஆண்டில் எங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த காலம் அது. அப்பா இங்கே பிறந்து நீல அடையாளக் கார்டு வைத்திருந்தார். அவருடைய சித்தப்பாவுக்குச் சிவப்புக் கார்டு. முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர், எங்கே மனுப் போடுவது என்று தெரியாமலே இருந்துவிட்டார். பெர்மிட் கிடைக்கவில்லை. பல்லாயிரம் பேரைப் போல அவரும் பினாங்கில் கப்பல் ஏறினார். அவர் ஏறியதும் ரஜுலாவில்தான்.

"ஒரே மாசத்துல ரெண்டு பேர வழியனுப்புனேன்" என்று இரயிலில் அப்பா சொன்னபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தாஜுவுக்குக் கடைசியா ஒரு சட்டைக்குக் கஞ்சி போட்டுக் குடுத்தேன். ஊர்ல போய்ப் போட்டுக்கறேன்னாரு. நோட்டுப் பொஸ்தகத்த நீயே வச்சுக்கன்னுட்டாரு."

அதன்பின் அவரிடமிருந்து கடிதம் ஏதும் வரவில்லை. ஓய்வூதியம் இன்றித் திரும்பிய முன்னாள் கூர்க்காக்களுக்கு உதவவென்று கூர்க்கா நல அறநிதி 1969இல்தான் தோன்றியது. அந்த உதவி மலைமேல் இருந்த அவருடைய கிராமத்துக்கு எட்டியதா என்பதை அறியும் வழி எங்களுக்கு இல்லை. 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்குப் பிரிட்டனில் குடியேறும் உரிமை 2009இல் கிடைத்தபோது, அப்பா அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை.

1971இல் டிப்போ ஹாங்காங்கின் செக் கோங் என்னும் இடத்துக்குப் போயிற்று. அங்கே அது இருந்த பாசறைக்கு மலாயா லைன்ஸ் என்று பெயராம். விட்டுப்போன ஊரின் பெயரைக் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறார்கள்! 1994இல் நான்கு ரெஜிமெண்டுகளும் ஒன்றாகி ராயல் கூர்க்கா ரைபிள்ஸ் ஆயின. ஹாங்காங் சீனாவிடம் திரும்பும் காலம் நெருங்கவே, பயிற்சி இங்கிலாந்துக்கு மாறியது. இப்போது புதியவர்கள் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கேட்டரிக்கில் பயில்கிறார்கள். நமக்கு அருகே என்று பார்த்தால், புருணையில் ஒரு பட்டாளமும், 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் போலீசின் கூர்க்காப் பிரிவும் இன்றும் உள்ளன.

வாசலில் நின்றோம்

சுங்கைப் பட்டாணி இன்று பெரிய நகரம். 1936இல் கட்டப்பட்ட மணிக்கூண்டைச் சுற்றி வாகனங்கள் நெருக்குகின்றன. சுப்பிரமணியர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாடகைக் காரில் புறப்பட்டோம். அப்பா நினைவில் வைத்திருந்த பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. "இங்கனதான் ஒரு சீனர் காப்பிக் கடை... இல்ல, அந்தப் பக்கமோ?" என்று தடுமாறினார்.

அவர் சொன்ன வழியில் போய் இறங்கிய இடத்தில் மலேசியத் தரைப்படையின் பாசறை இருக்கிறது. கெம் லாப்பாங்கான் தெர்பாங் என்பது பெயர், விமானத் திடல் முகாம் என்று பொருள். வாசலில் நின்ற இளங்காவலரிடம் வந்த காரணத்தைச் சொன்னேன். முன் அனுமதி இல்லாமல் உள்ளே விட இயலாது என்று அவர் பணிவோடு கூறினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பாக்சிக் கூர்க்கா சிப்பாயா?" என்று மலாயில் கேட்டார். அப்பா சிரித்துவிட்டு, "இல்ல தம்பி, நான் டோபி" என்று மலாயில் பதில் சொன்னார். அந்தப் பையன் நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். நல்ல பிள்ளை.

பத்து நிமிடம் இருந்தோம். வேலிக்கு அப்பால் பெரிய மரங்கள் தெரிந்தன, வேறொன்றும் தெரியவில்லை. அப்போது உள்ளே எங்கோ "செடியா!" என்று ஒரு கட்டளைக் குரல் எழுந்தது. தொடர்ந்து பூட்ஸ் கால்கள் ஒரே ஓசையாகத் தரையில் விழுந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இன்னும் பெரட்டு நடக்குதும்மா" என்றார். சற்றுப் பொறுத்து, "போலாம்" என்று எழுந்தார்.

இரயிலில் திரும்பும்போது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவர், தம் மகளை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை படிக்கவைத்தே தீருவேன் என்று எப்படி நின்றார்? பால்மரம் சீவி வந்த கையோடு, மண்ணெண்ணெய் விளக்கடியில் எனக்கு முதல் ஆங்கில எழுத்தை எழுதிக் காட்டியவர் அவர்தான். அவருக்கு அதை எழுதிக் காட்டியவர் தாஜு. தாஜுவுக்கு எழுதிக் காட்டியது அந்த டிப்போவின் பள்ளிக்கூடம். போருக்கு ஆள் பழக்கிய இடத்திலிருந்து ஓர் எழுத்து கை மாறிக் கை மாறி என் கரும்பலகை வரைக்கும் வந்திருக்கிறது.

பள்ளி திறந்ததும் அந்த நோட்டுப் புத்தகத்தை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டினேன். எக், துய், தீன் என்று வகுப்பே உரக்கச் சொல்லி மகிழ்ந்தது. ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், தாஜு தாத்தா திரும்பி வந்தாரா?" என்று கேட்டாள். "இல்லையம்மா" என்றேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். அது இன்று வேலிக்கு அப்பால் இருக்கலாம், செம்பனைக் காடாகக்கூட மாறியிருக்கலாம். அடுத்த விடுமுறையில் அவர்களைக் கேளுங்கள். அழைத்துச் செல்லுங்கள். வாசலோடு திரும்ப நேர்ந்தாலும் போய் வாருங்கள்.